கீழ்வீட்டுக்குச் செய்த கோஷர் சொக்லேட்

பதினொரு வருடமாக ஒரு பழியை என் மனைவி வசந்தியின் தலையில் போட்டு வந்திருக்கிறேன். கலியாண வீடுகளில், பிறந்தநாள் விழாக்களில், ஒருமுறை ஒரு செத்த வீட்டில்கூட, யாராவது இந்தக் கதையை எடுத்தால் "அது வசந்தியின்ர யோசனை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அவளும் பாவம், சபையில் புருசனை விட்டுக்கொடுக்காமல் சிரித்துக்கொண்டு நிற்பாள். இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொக்லேட்டைப் பிள்ளையாருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

முதலில் என்னைப்பற்றிச் சொல்லவேண்டும். நான் பயந்த சுபாவம். கடிதம் வந்தால் உறையைக் கிழிக்காமல் இரண்டு நாள் மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். பஸ்ஸில் முறையாக டிக்கெட் எடுத்திருந்தாலும் பரிசோதகர் ஏறினால் கள்ளன்மாதிரி முழிப்பேன். 'உம்மோட ஒரு விசயம் கதைக்கவேணும்' என்று யாராவது சொன்னால், அந்த விசயத்தை அவர்கள் சொல்லிமுடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் பங்குனி மாதம் எங்கள் வீட்டுக்காரம்மா அப்படித்தான் சொன்னார்.

நாங்கள் அப்போது மொன்றியல் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்தோம். கீழ்வீட்டில் சொந்தக்காரர்களான மிஸ்டர் ஹெர்ஷும் மிசிஸ் ஹெர்ஷும், மேல்வீட்டில் நாங்கள். வசந்தி வேலைசெய்த ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. நாலு வயது மகள் யாழினியைப் பகலில் விடுகிற கார்டறி, அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையம், தெருமுனையில். வசந்திக்கு அப்போது ஏழு மாதம். அந்த வயிற்றோடு அவள் பஸ் மாறி மெட்ரோ மாறி வேலைக்குப் போகத் தேவையில்லாமல் இருந்தது அந்த ஒரு வீட்டால்தான். அதைவிட்டால் வேறு கதி இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். (வேறு கதி இருந்ததா என்று தேடிப்பார்க்கவில்லை. தேடுவதற்கும் பயம்.)

ஹெர்ஷ் தம்பதியர் ஆசாரமான யூதர்கள். நாங்கள் குடிவந்த முதல் கிழமையே வசந்தி ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுபோய்க் கொடுக்க, மிசிஸ் ஹெர்ஷ் நெஞ்சில் கைவைத்து, தாங்கள் தங்கள் மதத்தின் கோஷர் முறைப்படி செய்த சாப்பாடு மட்டும்தான் சாப்பிடுவோம், குறை நினைக்கவேண்டாம் என்று சொல்லித் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடமாகப் படியில் கண்டால் ஒரு 'பொன்ஜூர்', அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் அன்று கையில் ஒரு கண்ணாடித் தட்டோடு எங்கள் கதவைத் தட்டினார். அவர்களுடைய பூரிம் பண்டிகையாம். ஒருவருக்கொருவர் பலகாரத் தட்டு அனுப்புகிற நாளாம். தட்டில் அவரே வீட்டில் செய்த சொக்லேட், விரல் நீளத்துக்கு, உள்ளே கொட்டைகள் அரைத்து வைத்த பூரணத்தோடு. நான் 'மெர்சி' சொல்ல வாய் திறக்கமுன் அடுத்ததையும் சொன்னார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழ வாங்கோ. வீட்டைப்பற்றி என்ர மனுசன் உங்களோட கதைக்கவேணுமாம்."

(அவர் பேசியது ஆங்கிலம். என் ஞாபகத்தில் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.)

கதவைச் சாத்தினேன். வாயில் போட்ட சொக்லேட் கரைந்தது, நானும் நின்ற இடத்திலேயே கரைந்தேன்.

"வசந்தி, எழுப்பப்போகினம்."

"ஆரை?"

"எங்களைத்தான். வீட்டைவிட்டு. மூண்டு வருசமா ஒண்டும் தராதவை இண்டைக்கு ஏன் இனிப்புத் தருகினம்? கசப்பு வரப்போகுது, அதுதான்."

வசந்தி இன்னொரு சொக்லேட்டை எடுத்து வாயில் போட்டாள். "நல்லாயிருக்கப்பா. தட்டை வெறுமனே குடுக்கேலாது, என்ன?"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பலகாரம் வந்த தட்டை எங்கள் சனம் வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஏதாவது வைத்துத்தான் கொடுக்கவேண்டும். என்ன வைப்பது? அவர்கள் சாப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும். அதே சொக்லேட்டை, அதே பூரணத்தோடு, கோஷராக நானே செய்து கொண்டுபோய் வைத்தால், எந்த மனுசனுக்கு எங்களை எழுப்ப மனம் வரும்?

நகரத்தின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் நண்பன் யோகனுக்குப் போன் அடித்தேன். உலகத்தில் எதைக் கேட்டாலும் அவனிடம் உடனடிப் பதில் இருக்கும். சரியோ பிழையோ, உடனடியாக இருக்கும்.

"கோஷர் எண்டால் சைவம்தான் மச்சான்," என்றான். "எங்கட கோயில் திருவிழாவுக்கு வீட்டைக் கழுவி, மச்சச் சட்டியைத் தள்ளிவச்சுச் சமைக்கிறேல்லையே, அதேதான். துப்புரவு. முழுக்கத் துப்புரவு. இல்லாட்டி இஞ்சால ரொக்ஸ்பரோவில வீடு பாரன், பேஸ்மன்ற் ஒண்டு இருக்கு."

பேஸ்மன்ற் என்றதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. மூன்று இரவு இணையத்தில் கிடந்து படித்தேன். பாத்திரம் புதிதாக இருக்கவேண்டும். வாங்குகிற ஒவ்வொரு பொருளிலும் கோஷர் முத்திரை இருக்கவேண்டும். அந்த முத்திரை கடுகளவு. கடையில் நான் சொக்லேட் கட்டிகளையும் கொட்டைப் பைகளையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க, காவலாளி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டி புதிது, அகப்பை புதிது, கத்தி புதிது, சொக்லேட் வார்க்கிற அச்சு புதிது. எங்கள் கிரைண்டர் கருவாட்டுச் சம்பல் கண்ட கிரைண்டர் என்பதால் அதைத் தொடவே இல்லை. குசினி மேசை முழுக்க வெள்ளித் தாள் விரித்து ஒட்டினேன். வசந்தி வேலைக்குப் போக வெளிக்கிட்டு வந்தவள் பார்த்துவிட்டு, "என்ன, ஒப்பரேசன் நடக்கப்போகுதோ?" என்று கேட்டாள்.

ஞாயிறு காலை தொடங்கினேன். சுடுதண்ணீரின் மேல் சட்டியை வைத்துச் சொக்லேட்டை உருக்கவேண்டும். உருகி, மினுங்கி, நான் ஆசையோடு குனிந்து பார்த்த நேரம் என் நெற்றி வியர்வை ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. அவ்வளவுதான். சொக்லேட் அப்படியே இறுகி, ஈர மண்மாதிரி உருண்டு வந்தது. சொக்லேட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்பதை அன்று அறிந்தேன். (என் வியர்வை கோஷரா என்பது வேறு கேள்வி. நல்லகாலம், அதை யாரும் கேட்கவில்லை.) சட்டியைக் கழுவித் துடைத்து, தலையில் துவாய் கட்டிக்கொண்டு இரண்டாம் தரம் உருக்கினேன்.

கஜுவையும் பாதாமையும் அவை வந்த பைக்குள்ளேயே வைத்து, புது அகப்பையின் காம்பால் அடித்து நொறுக்கி, சீனியும் கொஞ்சம் உருக்கிய சொக்லேட்டும் சேர்த்துப் பூரணம் பிடித்தேன். அச்சில் சொக்லேட் ஊற்றி, நடுவில் பூரணம் வைத்து, மேலே மறுபடி ஊற்றினேன். இனி ஆறவேண்டும். பிரிட்ஜுக்குள் ஆட்டிறைச்சிக் கறி இருந்தது. ஆகவே அச்சைப் பின்பக்கப் பல்கனியில், சுத்தமான ஸ்னோவைக் குவித்து அதன்மேல் வைத்தேன். அணில் வரக்கூடும் என்ற பயத்தில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே காவல் நின்றேன். என் வாழ்நாளில் எந்தச் சாப்பாட்டுக்கும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

பன்னிரண்டு சொக்லேட். கழற்றி எடுத்தபோது கடையில் வாங்கியதுமாதிரி மினுங்கின. மிசிஸ் ஹெர்ஷின் தட்டில் வெள்ளித் தாள் விரித்து அடுக்கினேன். அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்ததும்தான் எனக்குள் இருந்த சைவப்பழம் விழித்துக்கொண்டது.

புதுச் சட்டி. புதுச் சட்டியில் முதன்முதலாக ஆக்கிய பண்டம். அதைச் சாமிக்கு வைக்காமல் மனுசருக்குக் கொடுப்பதா? அதுவும் வீடு போகுமோ நிற்குமோ என்ற நாளில்? துப்புரவுக்கு மேல் துப்புரவு வேறு என்ன இருக்கிறது? யோகன் சொன்ன 'கோயில் திருவிழா' காதுக்குள் கேட்டது. குசினி மூலையில் சுவர்த்தட்டில் இருந்த எங்கள் பிள்ளையார் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

புதுச் சட்டியைக் கழுவி மூன்று குறியாக விபூதி பூசி அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். நடுவில் சொக்லேட் தட்டு. கடையில் வாங்கிய சிவப்புப் பூ இரண்டு. கற்பூரத்தை ஏற்றி, கண்ணை மூடி, "அப்பனே, இந்த வீட்டை மட்டும் காப்பாத்தித் தா" என்று உருகிக் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கூரையில் இருந்த புகை அலாரம் வீரிட்டுக் கத்தியது. நான் தலைத் துவாயை உருவி அலாரத்துக்கு விசிறினேன். அது நின்றபிறகு, மனம் நிறைந்து, போனில் ஒரு படமும் எடுத்தேன்.

வேலையால் வந்த வசந்தி தட்டைப் பார்த்தாள், பிள்ளையாரைப் பார்த்தாள்.

"இது அவைக்குச் சரிவருமோ?"

"அவையும் பக்தியான சனம்தானே. சந்தோசப்படுவினம்."

"எனக்கெண்டால் தெரியேல்லை," என்றாள். இந்தச் சம்பவத்தில் வசந்தியின் பங்கு அந்த ஒரு வசனம் மட்டும்தான். அதைத்தான் பதினொரு வருடமாக அவளுடைய யோசனை என்று சொல்லிவந்தேன்.

மொன்றியலில் பழைய வீடுகளின் மேல்மாடிப் படி வெளியில்தான் இருக்கும், வளைந்து இறங்கும், இரும்பு. பங்குனியில் அதில் ஐஸ். நான் குந்தியிருந்தபடியே, படி படியாக, தட்டை மடியில் அணைத்துக்கொண்டு அரக்கி அரக்கி இறங்கினேன். கழுத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் அத்தாட்சிகள்: சொக்லேட் உறைகள், கொட்டைப் பைகள், சட்டியில் ஒட்டியிருந்த லேபல், அச்சு வந்த பெட்டி. என் அகதி வழக்குக்குக்கூட நான் இவ்வளவு அத்தாட்சி கொண்டுபோகவில்லை.

மிஸ்டர் ஹெர்ஷ் மெலிந்த மனிதர், வெள்ளைத் தாடி, தலையில் கறுப்புத் தொப்பி. தட்டைக் கண்டதும் அவருடைய முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. நான் அதற்கு இடம் கொடுக்காமல் பையை மேசையில் கவிழ்த்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு உறையாக எடுத்துப் பார்த்தார்.

"சட்டி?"

"புதுசு."

"கத்தி, அகப்பை?"

"எல்லாம் புதுசு."

"எங்க ஆறவச்சனீங்கள்?"

"ஸ்னோவில. பிரிட்ஜுக்குள்ள இறைச்சி இருந்தது."

அவர் உறையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ர மருமகன்கூட இவ்வளவு கவனமில்லை," என்றார். குசினி வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்ற மிசிஸ் ஹெர்ஷும் லேசாகச் சிரித்தார். எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. வீடு கையில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அது சரி," என்றார் மிஸ்டர் ஹெர்ஷ், "காலமை உங்கட அலாரம் அடிச்சதே. ஏதும் எரிஞ்சதோ?"

இதோ பிடித்துவிட்டார் என்று பட்டது. வீட்டுக்குத் தீ வைக்கப்பார்க்கிற குடித்தனக்காரன் என்று நினைக்கிறார்.

"இல்லை, இல்லை! ஒண்டும் எரியேல்லை. அது வெறும் கற்பூரம்."

"கற்பூரமோ? சொக்லேட்டுக்குள்ளயோ?"

"உள்ள இல்லை. முன்னால."

"முன்னால எண்டால்?"

விளக்கத் தெரியாமல் போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். நடுவில் பிள்ளையார், தும்பிக்கையோடு. பக்கத்தில் விபூதி பூசிய சட்டி. முன்னால் மிசிஸ் ஹெர்ஷின் தட்டில் பன்னிரண்டு சொக்லேட்டும் இரண்டு பூவும் எரிகிற கற்பூரமும். நான் பெருமையோடு சொல்லியும் முடித்தேன்:

"நாங்கள் ஒருத்தரும் இன்னும் தொடேல்லை. முதல் எங்கட கடவுளுக்கு. அடுத்தது உங்களுக்கு."

மிசிஸ் ஹெர்ஷ் கிட்ட வந்து, கணவருடைய மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அது என்ர அம்மான்ர தட்டு," என்றார்.

மிஸ்டர் ஹெர்ஷின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ, நெஞ்சுவலியோ என்று நான் எழும்பிவிட்டேன். மனுசன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறார்.

"சிலைக்குப் படைச்சதைத் தொடக்கூடாது எண்டு எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. பன்னிரண்டு வயசில படிச்சனான். பேந்து பெரியாளாகியும் படிச்சனான். அறுபது வருசமா ஒரு நாளும் தேவைப்படேல்லை. ஏன் இதைப் படிக்கிறம் எண்டுகூட யோசிச்சிருக்கிறன்." தாடியைத் துடைத்தார். "இண்டைக்கு வந்திட்டுது. கஜுவோட."

மிசிஸ் ஹெர்ஷ் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தங்கள் மதகுருவான ரபாயிடம் கேட்கப்போகிறார் என்று மிஸ்டர் ஹெர்ஷ் சொன்னார். சொக்லேட்டைப்பற்றி அல்ல, தட்டைப்பற்றி. அவருடைய தாய் ஊரைவிட்டு வரும்போது கொண்டுவந்ததில் மிஞ்சியது அந்த ஒரு தட்டுத்தானாம். வீடு போனால் போகட்டும், ஒரு மனுசியின் தாயின் தட்டைக் கெடுத்துவிட்டேனே என்று உண்மையாகவே அழுகை வந்தது. உள்ளேயிருந்து அவர்களுடைய மொழியில் பேச்சுக் கேட்டது. எனக்கு விளங்கியது இரண்டு சொல். ஒன்று 'சொக்லேட்'. மற்றது யானையாக இருக்கவேண்டும். அது நாலைந்து தரம் வந்தது.

அந்த இடைவெளியில் மிஸ்டர் ஹெர்ஷ் வீட்டு விசயத்தைச் சொன்னார். அவர்களுடைய மகளின் மகனுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. மேல்வீட்டை அவனுக்குக் கொடுக்கும்படி மகள் கேட்கிறாளாம். "உங்களைச் சட்டப்படி இப்ப எழும்பச் சொல்லேலாது. நீங்களா விரும்பினால் எண்டுதான்..." என்று இழுத்தார்.

ஆக, என் பயம் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சரியாக இருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர் இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அந்த மாதமே எழும்புகிறேன் என்று கையெழுத்தும் போட்டிருப்பேன். ரொக்ஸ்பரோ பேஸ்மன்ற் கண்முன்னால் வந்தது.

மிசிஸ் ஹெர்ஷ் திரும்பி வந்தார். சொக்லேட்டை வெள்ளித் தாளோடு தூக்கி என் அத்தாட்சிப் பைக்குள் வைத்தார்.

"தட்டு கண்ணாடி, சொக்லேட் ஆறினது, நடுவில தாள். வடிவாக் கழுவினால் சரியாம். இதை மட்டும் கொண்டுபோங்கோ. உண்மையைச் சொன்னால், கோஷர் இல்லாத வீட்டில செய்ததை நாங்கள் சாப்பிடுறேல்லை. உங்களுக்கு நன்றி சொல்லிப்போட்டுத் தபால்காரருக்குக் குடுத்திருப்பன். இப்ப அவருக்கும் குடுக்கேலாது."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கணவரைப் பார்த்தார்.

"இவர் சொன்னதைக் கேட்டனீங்களே? முதல் அவையின்ர கடவுள். அடுத்தது நான். மனுசியின்ர வயித்தில பிள்ளை, வீட்டில சின்னப்பிள்ளை, அவைக்கெல்லாம் முன்னால நான். எங்கட மகளின்ர வீட்டுக்குப் போனால் நான் எட்டாவது. நாய்க்குப் பிறகு." கதிரையை இழுத்து இருந்தார். "பெடியன் தன்ர மாமியார் வீட்டுக்குக் கிட்ட வீடு பாக்கட்டும். இவையள் மேலயே இருக்கட்டும்."

மிஸ்டர் ஹெர்ஷ் உடனே தலையாட்டினார். மனுசி சொன்னால் அதுதான் முடிவு: அந்த வீட்டிலும் எங்கள் வீட்டுச் சட்டம்தான் என்று விளங்கியது.

மேலே போனேன். வசந்தி கதவடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீடு?"

"இருக்கு."

"சொக்லேட்?"

"அதுவும் இருக்கு."

நடந்ததைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் நான் ஆஸ்பத்திரிப் பையைத் தேடி ஓடினேன். பிறகு மூன்று பேரும் இருந்து பன்னிரண்டையும் தின்று முடித்தோம். பூரணம் கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் இன்றைக்கும் இருக்கிறோம். யாழினிக்குப் பதினைந்து வயது, அன்று வயிற்றில் இருந்த பிள்ளைக்குக் கிட்டத்தட்டப் பதினொன்று. வீட்டில் யார் எதைச் சமைத்தாலும் யாழினி சட்டியை எட்டிப்பார்த்து, பிரெஞ்சும் தமிழுமாக, "இது கோஷரோ, பிள்ளையாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பாள். அம்மாவின் யோசனை என்றுதான் அவளும் இதுவரை நம்பியிருந்தாள். விபூதி பூசிய சட்டிக்கு 'ஹெர்ஷ் சட்டி' என்று பெயர்.

பூரிமுக்கு மிசிஸ் ஹெர்ஷின் சொக்லேட் வருடா வருடம் வருகிறது. கடதாசித் தட்டில் வருகிறது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத தட்டு. ஆனால் எங்களுக்கு மனம் கேட்குமா? முழுப்பழம் கொண்டுவரலாம் என்று அவரே அனுமதி தந்திருப்பதால், நான் ஒரு பை தோடம்பழம் வாங்கிப் போவேன். மிஸ்டர் ஹெர்ஷுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கதவைத் திறந்ததும் பையை வாங்கமாட்டார். முழங்கையை மூக்கடியில் வைத்து, கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு, "அவர் பாத்திட்டாரோ?" என்று கேட்பார்.

"இல்லை. கடையிலயிருந்து நேர இஞ்சதான்," என்பேன்.

அது உண்மை. மேலே ஏறினால் பிள்ளையார் கண்ணில் படும் என்று, அந்த ஐஸ் படியடியில்கூட நிற்காமல், காரிலிருந்து நேராக அவர்கள் கதவுக்குத்தான் போகிறேன். பிள்ளையாருக்கு இன்னொரு பை வேறாக வாங்குவேன், அது பேந்துதான், இவர்களுக்குப் பிறகு.